ஆணி அடித்த மர ட்ரஸ் தாங்குமா? மரத்தைவிட இணைப்பைச் சோதியுங்கள்

கேள்வி இதுதான்: பழைய வீட்டைப் பிரித்ததில் தேக்கு, வேங்கைச் சட்டங்கள் கொஞ்சம் கையில் இருக்கின்றன, அவற்றை வைத்து மாடியில் 5 மீட்டர் அகல அறைக்கு ஆணி அடித்த ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்) போட்டு மங்களூர் ஓடு வேயலாமா, ஒரு துண்டை அறுத்து இன்ஜினியரிங் கல்லூரி லேபில் கொடுத்து பலம் பார்த்துவிட்டால் போதுமா? ஆசாரி "இந்த மரம் தாங்காமல் வேறு எது தாங்கும்" என்கிறாராம்.

தாராளமாகப் போடலாம். ஆசாரி மரத்தைப் பற்றிச் சொன்னதும் பெரும்பாலும் சரிதான். ஆனால் கூரை இறங்கினால் அது பெரும்பாலும் மரம் முறிந்து இறங்குவதில்லை, மரமும் மரமும் சேருகிற இடத்தில்தான் விடுகிறது. லேபில் கொடுக்கிற துண்டு அந்த இடத்தைப் பற்றி எதுவுமே சொல்லாது. இன்னும் சொன்னால், உங்கள் மரத்தைப் பற்றியே முழுதாகச் சொல்லாது.

லேபில் என்ன செய்வார்கள்? ஐ.எஸ். 1708 என்ற இந்திய விதிப்படி, 5 செ.மீ. சதுரத்தில் 75 செ.மீ. நீளத் துண்டு (அல்லது 2 செ.மீ. சதுரத்தில் 30 செ.மீ. நீளம்) அறுத்து, 70 செ.மீ. (சின்னதற்கு 28 செ.மீ.) இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, யு.டி.எம். என்கிற, இழுத்தும் அழுத்தியும் பலம் பார்க்கும் மெஷினில் நடுவில் மெதுவாக அழுத்தி முறிப்பார்கள். துண்டில் கண் (கிளை முளைத்த இடத்து முடிச்சு) இருக்கக் கூடாது, விரிசல் கூடாது, நார் நேராக ஓட வேண்டும். அதாவது மரத்தின் குறையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நல்ல இடமாகத் தேடி எடுத்த துண்டு. இது இனத்தை ஒப்பிடுவதற்கான சோதனை. 1906-ல் தொடங்கிய டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டு மரங்களை இப்படித்தான் ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்து, தேக்கை 100 என்று வைத்து மற்ற மரங்களுக்கு மதிப்பெண் போட்டது. அந்த வேலை முடிந்துவிட்டது, எண்கள் அச்சில் இருக்கின்றன. தேக்கு தேக்குதானா என்ற சந்தேகம் இல்லாதவரை, நீங்கள் காசு கட்டி அதையே இன்னொரு தடவை செய்ய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காய்ந்த தேக்கின் சுத்தமான சிறு துண்டு வளைவில் ஒரு சதுர மி.மீ.க்கு 90 நியூட்டனுக்குப் பக்கத்தில் முறியும். ரிப்போர்ட்டில் இந்த எண்ணைப் பார்த்ததும் தலைகால் புரியாது. ஆனால் கட்டட மரங்களைப் பலத்தையும் விறைப்பையும் வைத்து ஏ, பி, சி என்று பிரிக்கிற ஐ.எஸ். 883, தேக்கு வருகிற பி குழுவுக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளச் சொல்வது 12 முதல் 18 நியூட்டனுக்குள்தான். மீதி எங்கே போயிற்று? ஒரு பகுதி கண்ணுக்கும் கோணல் நாருக்கும் போகிறது. இன்னொரு பகுதி மரத்துக்கு மரம் உள்ள வித்தியாசத்துக்குப் போகிறது. சராசரி மரத்தை நம்பிக் கூரை போட முடியாது, 100 சட்டத்தில் அடியிலிருந்து ஐந்தாவதாக வருகிற சட்டம் என்ன தாங்கும் என்பதுதான் கணக்கு. மிச்சம் காலத்துக்குப் போகிறது, இதைத்தான் நம் ஆட்கள் அடியோடு மறக்கிறார்கள்.

மெஷின் சில நிமிடத்தில் முறித்துவிடும். உங்கள் ஓடு 50 வருஷம் உட்கார்ந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் இயற்கை விஞ்ஞானி பூஃபோன் பெரிய ஓக் உத்திரங்களில் சுமை ஏற்றிப் பார்த்தார், உடனே முறிக்கிற சுமையில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துவிட்டு விட்டதில் சில மாதம் கழித்து உத்திரம் முறிந்தது. பிறகு அமெரிக்காவில் மேடிசன் நகர ஆய்வகத்தில் லைமன் வுட் 1951-ல் வெளியிட்ட வளைகோடு இதற்கு எண் கொடுத்தது: லேபில் முறிக்கும் சுமையில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் தொடர்ந்து இருந்தாலே சுமார் 10 ஆண்டில் மரம் விட்டுவிடும். அப்புறம் 1970-களில் கனடாவில் போர்க் மாட்சன், சிறு துண்டே வேண்டாம், மில்லிலிருந்து வருகிற முழுச் சட்டத்தைக் கண்ணோடும் கோணலோடும் அப்படியே முறித்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார். முழு அளவு மரம் சிறு துண்டு சொல்கிறபடி நடப்பதில்லை என்பது அதில்தான் நன்றாக வெளியே வந்தது. இப்போது ஐரோப்பிய விதிகளும் முழுச் சட்டத்தைத்தான், உயரத்தைப் போல 18 மடங்கு நீளத்தில், இரண்டு இடத்தில் சுமை வைத்து முறிக்கச் சொல்கின்றன.

சரி, முறிக்காமல் உங்கள் சட்டங்களைப் பார்ப்பது எப்படி?

முதலில் கண் பார்வையும் சுத்தியலும். பழைய மரம் என்பதால் பழைய ஆணிகளைப் பிடுங்கி, தூசி தட்டி, நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை உளியால் குத்திப் பாருங்கள், உளி எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்த முனையை அறுத்துத் தள்ள வேண்டியதுதான். தட்டினால் கணீரென்று வர வேண்டும், பொத்தென்று வந்தால் உள்ளே கரையானோ வண்டோ வேலை பார்த்திருக்கிறது. வைரத்தை (நடுவில் உள்ள கருத்த பகுதியை) விட்டு வெளுத்த பகுதி அதிகமுள்ள சட்டங்களைத் தனியாக வையுங்கள், பூச்சி முதலில் அங்கேதான் போகும். கண் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்: சட்டத்தின் நடு நீளத்தில், கீழ் விளிம்பில் இருக்கிற சின்னக் கண், தாங்கியை ஒட்டி முனையில் இருக்கிற பெரிய கண்ணைவிட மோசம். பழைய கூரையில் அடித்த துளைகளும் வெட்டிய குழிகளும் இதே கணக்கில்தான் சேரும்.

நார் ஓட்டத்தை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. காய்ந்த மரத்தில் மெல்லிய விரிசல்கள் நாரோடு ஓடும், அவை விளிம்புக்கு இணையாகப் போகின்றனவா, சாய்ந்து வெளியேறுகின்றனவா என்று பாருங்கள். 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் சாய்ந்தால் முதல் தரம், 12-க்கு 1 என்றால் இரண்டாம் தரம், அதற்கு மேல் சாய்வுள்ளதை ட்ரஸ்ஸில் சேர்க்காதீர்கள், ரீப்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் பார்ப்பதற்கு மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு சின்னத் துண்டை அறுத்த உடனே எடை போட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிற்கிறவரை உலர்த்தி, திரும்பப் போடுங்கள். 58 கிராம் 50 ஆனால், இழந்த 8 கிராமை 50-ஆல் வகுக்க, 16 சதவீதம். உலர்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும், ஈர எடையால் அல்ல. சுமார் 25, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க இறங்கத்தான் மரத்துக்குப் பலம் ஏறும், அதற்கு மேல் ஈரம் எவ்வளவு இருந்தாலும் பலத்தில் பெரிய மாற்றமில்லை. பழைய மரத்தில் இது பிரச்சினையாக இருக்காது. குறைகிற சட்டத்துக்கு மரவாடியில் புதிதாக அறுத்து வாங்குவீர்கள் பாருங்கள், அதில்தான் வரும்.

அடுத்தது நான் எல்லோருக்கும் சொல்கிற சோதனை, இதற்கு மெஷின் வேண்டாம். 75-க்கு 50 மி.மீ. சட்டத்தை 75 உயரமாக நிறுத்தி, 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வையுங்கள், சாயாமல் இருக்க முனைகளில் இரு பக்கமும் முட்டுக் கொடுங்கள். சட்டத்தின் பக்கவாட்டில், தாங்கிகளுக்கு நேர் மேலே ஆணி அடித்து ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் ஸ்டீல் அளவுகோல் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு 10 கிலோவைத் தொங்கவிட்டு எல்லாம் உட்கார்ந்ததும் அளவைக் குறியுங்கள், பிறகு ஒரு சிமெண்ட் மூட்டையை, 50 கிலோ, கூடுதலாகத் தொங்கவிட்டு எத்தனை மி.மீ. இறங்கியது என்று பாருங்கள். 3.7 மி.மீ.க்குள் இறங்கினால் விறைப்பில் அது ஏ குழு மரம். 4.7 வரை பி, 8.3 வரை சி. அதற்கு மேல் போனால் கூரைக்கு வேண்டாம். வருகிற அழுத்தம் 6 நியூட்டனைச் சுற்றித்தான், நல்ல சட்டம் ஒன்றும் ஆகாது. ஒரே எச்சரிக்கை, அளவை டேப் வைத்துப் பார்க்கவும். மூன்று அங்குலம் என்று சொல்லி 70 மி.மீ. இருக்கும் சட்டங்கள் ஏராளம், 75-க்குப் பதில் 70 என்றால் அதே மரம் 23 சதவீதம் கூடுதலாக வளையும், ஏனென்றால் உயரத்தின் மும்மடிதான் கணக்கில் வருகிறது. வெளிநாட்டு மில்களில் பலகை ஓடிக்கொண்டிருக்கும்போதே உருளையால் வளைத்துத் தரம் பிரிக்கிற மெஷினும் அடிப்படையில் இந்த மூட்டை வேலையைத்தான் செய்கிறது. விறைப்பும் பலமும் ஒன்றல்ல, ஆனால் கூடவே போகும். ஓர் இடத்தில் இருக்கிற கெட்ட கண்ணை மட்டும் இது காட்டிக்கொடுக்காது, அதற்குத்தான் முதலில் கண்ணால் பார்க்கச் சொன்னது.

இனி இணைப்புக்கு வருவோம். ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. 5 மீட்டர் ட்ரஸ், 30 டிகிரி சரிவு, ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் 1.2 மீட்டர். மங்களூர் ஓடும் ரீப்பரும் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ, அதோடு மேலே ஏறுகிற ஆள் சுமை, ட்ரஸ்ஸின் சொந்த எடை எல்லாம் சேர்த்து ஒரு ட்ரஸ்ஸுக்கு ஏறக்குறைய 700 கிலோ வரும். சாதாரண முக்கோண ட்ரஸ்ஸில் இதனால் கீழ்க்கட்டையில் வருகிற இழுவிசை 455 கிலோ. 75-க்கு 50 சட்டம் ரொம்பக் குறைத்து எடுத்தாலும் மூன்றரை டன் இழுவை தாங்கும், அதில் ஏழில் ஒரு பங்குகூட நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்த 455 கிலோவைச் சாய்வுக்கட்டையிலிருந்து கீழ்க்கட்டைக்குக் கடத்துவது ஆணி. 3.25 மி.மீ. தடிமன், 75 மி.மீ. நீள ஆணி, தேக்கு அடர்த்தியுள்ள மரத்தில், ஐரோப்பிய விதியின் சூத்திரப்படி ஒற்றை வெட்டில் (இரண்டு மரம் சேரும் ஒரே ஒரு பரப்பை ஆணி கடக்கும்போது) குறைந்தபட்சம் 100 கிலோவை ஒட்டித் தாங்கும். நீண்ட காலச் சுமை, பாதுகாப்பு எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 35, 40 கிலோ. ஆக ஒரு முனைக்கு 12 ஆணி. எத்தனை இடத்தில் மூன்று ஆணியோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

12 ஆணியைக் கண்டபடி அடித்தாலும் மரம் பிளக்கும். முனையிலிருந்து ஆணித் தடிமனைப் போல 12 மடங்கு, அதாவது 40 மி.மீ. தள்ளி. பக்க விளிம்பிலிருந்து 5 மடங்கு. நார் திசையில் ஆணிக்கு ஆணி 10 மடங்கு, வரிசைக்கு வரிசை 5 மடங்கு. 75 அகலத்தில் மூன்று வரிசை, வரிசைக்கு நாலு என்று சரியாக உட்காரும். இரண்டு பக்கமும் 25 மி.மீ. பலகை வைத்துப் பக்கத்துக்கு 6 அடிக்கலாம், ஆணி முனைகள் நடுவில் மோதாதபடி மாற்றி மாற்றி. காய்ந்த தேக்கிலும் வேங்கையிலும் துளை போடாமல் அடிக்க முயலாதீர்கள், ஆணித் தடிமனில் 0.8 பங்குக்கு மேல் போகாத துளை. ஆசாரி ஆணி முனையைச் சுத்தியலால் மழுக்கிவிட்டு அடிப்பார், அதுவும் நல்ல பழக்கம்தான், முனை நாரைப் பிளக்காமல் வெட்டிக்கொண்டு போகும்.

இணைப்பு விடுகிற விதங்களை டென்மார்க்கின் யோஹான்சன் 1949-ல் ஒழுங்குபடுத்தினார், இன்றைய கணக்கெல்லாம் அதிலிருந்து வருவதுதான். ஆணி தடியாகவும் பலகை மெலிசாகவும் இருந்தால் ஆணி நேராகவே நிற்கும், மரம் நசுங்கித் துளை நீளும். நடுத்தரமாக இருந்தால் ஆணி ஓரிடத்தில் மடியும். ஆணி ஒல்லியாகவும் இரு பக்க மரமும் போதிய தடிப்போடும் இருந்தால் இரண்டு இடத்தில் மடிந்து எஸ் மாதிரி ஆகும். நமக்கு வேண்டியது இந்தக் கடைசி விதம், ஏனென்றால் இரும்பு மடிந்துகொண்டே மெதுவாக விட்டுக்கொடுக்கும், கூரை தொங்குவது கண்ணுக்குத் தெரியும், சரிசெய்ய நேரம் கிடைக்கும். பிளப்பு அப்படி நேரம் தராது. தடி ஆணி நாலைவிட ஒல்லி ஆணி எட்டு நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

லேபுக்குப் போவதென்றால் இதைக் கொண்டுபோங்கள்: உங்கள் சட்டத்திலிருந்தே 50 மி.மீ. நடுத்துண்டு ஒன்று, இரு பக்கமும் 25 மி.மீ. பலகை, உங்கள் ஆணி, உங்கள் ஆசாரியே அடித்தது, பக்கத்துக்கு நாலு. நடுத்துண்டு மேலே ஒரு 2 செ.மீ. தூக்கி நிற்க, பக்கப் பலகைகள் கீழே ஊன்றி நிற்கட்டும், யு.டி.எம்.மில் நடுத்துண்டை அழுத்தச் சொல்லுங்கள். எவ்வளவு நழுவுகிறது என்று அளக்கும் டயல் கேஜ் கட்டாயம் வேண்டும், உச்சச் சுமை மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதி விஷயம்தான் கிடைக்கும். சர்வதேச முறை என்னவென்றால், எதிர்பார்க்கிற உச்சத்தில் 40 சதவீதம் வரை ஏற்றி அரை நிமிடம் நிறுத்தி, 10 சதவீதத்துக்கு இறக்கி மறுபடி அரை நிமிடம் நிறுத்தி, அப்புறம் விடுகிறவரை அல்லது 15 மி.மீ. நழுவுகிறவரை ஏற்றுவது. முதல் இறக்கத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதில்தான் இணைப்பின் குணம் தெரியும். ஒரே மாதிரி ஐந்தாறு செய்துகொண்டு போங்கள், ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 8 ஆணியும் சேர்ந்து ஒரு டன்னுக்கு முன்னாலேயே விட்டுவிட்டால் ஆணியையோ அடித்த விதத்தையோ சந்தேகப்பட வேண்டும். முடிந்ததும் பிளந்து ஆணியை வெளியே எடுத்துப் பாருங்கள், மடிந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று. ரிப்போர்ட்டைவிட அந்த ஆணி அதிகம் சொல்லும்.

பிடுங்கு சோதனை தனி. ஐ.எஸ். 1708-லேயே இருக்கிறது, 2.5 மி.மீ. ஆணியை 25 மி.மீ. ஆழம் அடித்து மெஷினால் நேராக இழுப்பது. பிடிப்பு மரத்தின் அடர்த்தியோடு வெகு வேகமாக ஏறும், இரண்டரையாம் அடுக்கு. 0.6 அடர்த்தியுள்ள தேக்கு, 0.45 உள்ள பைனைவிட எடையில் மூன்றில் ஒரு பங்குதான் கூட, ஆனால் ஆணிப்பிடி இரண்டு மடங்கு. பச்சை மரத்தில் அடித்த வழவழப்பான ஆணி, மரம் காயக் காயச் சில மாதத்தில் பிடியில் பெரும்பகுதியை இழந்துவிடும். புதுச் சட்டத்தில் ஈரம் இருந்தால் ஏன் காத்திருக்கச் சொல்கிறேன் என்று இப்போது புரியும். நார் வெட்டுப்பட்ட முனையில், அதாவது சட்டத்தின் தலையில், நீளவாக்கில் அடித்த ஆணியைப் பிடுங்குவிசைக்கு நம்பவே கூடாது. பக்கவாட்டு விசைக்குக்கூட மூன்றில் இரண்டு பங்குதான்.

ஓட்டுக் கூரைக்குப் பிடுங்குவிசை எதற்கு என்று கேட்கலாம். காற்றுக்குத்தான். சென்னைக்கு விதியில் உள்ள அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அழுத்தமாக மாற்றினால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. கூரையின் வடிவத்தையும் விளிம்பையும் பொறுத்து அதில் ஒரு பகுதி மேல்நோக்கி உறிஞ்சும், ஓட்டின் 65 கிலோ அதற்கு முன் பெரிய எடையில்லை. 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் எத்தனை கூரைகள் பறந்தன என்பது நினைவிருக்கும். ட்ரஸ்ஸின் முனையைச் சுவர்க்கட்டையோடு (சுவர் மேல் படுக்கிற கட்டை) இரண்டு சாய்வு ஆணியில் விடாதீர்கள். இரும்புப் பட்டையை மேலே வளைத்துப் போட்டு இரு பக்கமும் குறுக்காக ஆணி அடியுங்கள், அப்போது காற்று ஆணியைப் பிடுங்காது, பக்கவாட்டில்தான் இழுக்கும். ஆணிக்கு அதில்தான் பலம். சுவர்க்கட்டையும் சுவருக்குள் போல்ட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து போகும். கடற்கரை ஓரமென்றால் துத்தநாகம் பூசிய ஆணி.

கடைசியாக, ட்ரஸ்ஸை மேலே ஏற்றுவதற்கு முன் தரையில் சோதியுங்கள். ஆணி ட்ரஸ்ஸுக்கென்றே ஐ.எஸ். 4924 இருக்கிறது, முறிக்கும் சோதனை ஒரு பாகம், முறிக்காத சோதனை இன்னொரு பாகம். வடிவமைப்புக்கு ஐ.எஸ். 2366. உங்கள் அளவுக்கு இப்படிச் செய்தால் போதும்: இரண்டு ட்ரஸ்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மேலே ரீப்பர் அடித்து ஒன்றாக்கி, முனைகளைக் கல் மேடையில் வைத்து, கூரைச் சுமையில் ஒன்றேகால் மடங்கு மணல் மூட்டையை இணைப்புகளுக்கு நேராகத் தொங்கவிடுங்கள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல், அடியில் யாரும் நிற்காமல். 24 மணி நேரம் விடுங்கள். நடுவில் எவ்வளவு இறங்கியது என்று ஏற்றியதும் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, மூட்டை இறக்கிய பிறகு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். இறங்கியதில் ஐந்தில் நாலு பங்காவது திரும்ப வர வேண்டும். ஆணி இணைப்பு முதல் சுமையில் கொஞ்சம் நழுவித்தான் உட்காரும், அதற்காகவே கீழ்க்கட்டையை ஆரம்பத்திலேயே லேசாக மேல்நோக்கி வளைத்து அடிப்பது நல்லது. ஆனால் இரண்டாம் நாளும் இறங்கிக்கொண்டே இருந்தாலோ, ஆணியை ஒட்டி முடி மாதிரி விரிசல் ஓட ஆரம்பித்தாலோ, மூட்டையை இறக்கிவிட்டு அந்த இணைப்பைப் பிரித்து, பெரிய பலகை வைத்து ஆணிகளைத் தள்ளித் தள்ளி அடித்து மறுபடி ஏற்றுங்கள்.